யாருடைய நாவாற் பாடுகிறோம்?

பாட்டுக்கு ஊரில்லை என்று சொல்லிக்கொள்ளும் கலாரசிகர் கூட்டமொன்று எம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அக்கூட்டத்தின் முன்னிலையில் யாழ்ப்பாணத்து இளைஞனொருவன் பாட எழுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். ஒலிவாங்கியைச் சரிசெய்யும்போதும், பக்கவாத்தியக்காரரோடு சுருதி பற்றிப் பேசும்போதும், சபையோருக்கு வணக்கங் கூறும்போதும் அவன் யாழ்ப்பாணத்தவனாகவே இருக்கின்றான். பாட்டின் முதலடி வாயைவிட்டு வெளிவந்ததும் கோடம்பாக்கத்தவனாகி விடுகின்றான். சற்றுமுன் ‘போறன்’ என்றவன் இப்போது ‘போறேன்’ என்கின்றான். ‘உனக்கு’ என்றவன் ‘ஒனக்கு’ என்கின்றான். அவனது ஊரிலே தெளிவாக ஒலிக்கும் சொல்லீற்று மகரமும் னகரமும் மூக்கினுட் புகுந்து மறைந்துவிடுகின்றன. பாட்டு முடிந்து கரகோஷம் ஓய்ந்ததும், ‘நன்றி, போயிட்டு வாறன்’ என்று மீண்டும் ஊர் வந்து சேர்கின்றான்.

அவன் பாடியது தென்னிந்தியச் சினிமாப் பாட்டாயின் இதனை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். கேட்டுப் பாடம்பண்ணிய பாட்டு, கேட்டவாறே வருகின்றது. ஆனால் ஈழத்துக் கவிஞன் எழுதி, ஈழத்து இசையமைப்பாளன் மெட்டமைத்து, பனையையும் கடலையும் பற்றிப் பேசும் பாட்டுக்கும் இதே கதிதான் நேர்கின்றது. கவிஞன் ஏட்டிலே ‘வாறன்’ என்று எழுதிக் கொடுத்திருப்பான். பாடகன் வாயில் அது ‘வரேன்’ ஆகி வெளிவரும்.

இதுபற்றிக் கேட்டால் எமது ரசிகப் பெருமக்கள் புன்முறுவலோடு விடை தருவர். இஃது இயற்கை என்பர். பாடும்போது எவனுடைய உச்சரிப்பும் மாறத்தான் செய்யும் என்பர். இங்கிலாந்திலே பிறந்த பீற்றில்ஸ் குழுவினர் அமெரிக்கர் போலப் பாடவில்லையா, உலகப் புகழ் பெறவில்லையா என்று கேட்பர். இயற்கையின் பெயராற் பேசுவோரை நாம் பல துறைகளிலும் கண்டிருக்கிறோம். வறுமை இயற்கை என்றனர். சாதி இயற்கை என்றனர். இப்போது நாக்குப் புரள்வதும் இயற்கையாயிற்று. இவ்வாதத்தைச் சற்று நின்று பரிசோதிப்பது நன்று.

இதிலே ஓரளவு உண்மை உண்டு. அவ்வளவை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். ஒருவனது பேச்சைக் கேட்டு இன்ன ஊரவன் என்று நாம் அறிவது பெரும்பாலும் அவன் குரல் ஏறி இறங்கும் முறையினாலும், எங்கே நீட்டுகிறான் எங்கே குறுக்குகிறான் என்பதனாலுமே. பாட்டிலே குரலின் ஏற்ற இறக்கத்தை மெட்டு தன் கையில் எடுத்துக்கொள்கின்றது. நீட்டலையும் குறுக்கலையும் தாளம் எடுத்துக்கொள்கின்றது. பேச்சிலே கணப்பொழுதில் ஓடி மறையும் உயிரொலி பாட்டிலே நான்கு மாத்திரை, எட்டு மாத்திரை என்று நின்று ஒலிக்கவேண்டியிருப்பதால் வாய் அகலத் திறக்கின்றது. பெண்குரல் மிக உயர்ந்த தானத்தை எட்டும்போது ஓர் உயிரை இன்னோர் உயிரிலிருந்து பிரித்தறிவதே கடினமாகிவிடும். உயிரொலிக்குத் தனித்தன்மை தரும் வாயறையின் அதிர்வெண்ணுக்கும் மேலாகச் சுருதி ஏறிவிடுவதே அதற்குக் காரணம். இதற்கு எந்தப் பாடகியையும் குறைகூற முடியாது.

இவை யாவும் பேச்சின் ஊர்ச்சாயலைக் குறைக்கின்றன. ஆனால், ஒரு சாயலைக் குறைப்பது வேறு. பிறிதோர் ஊரின் சாயலை ஏற்றுவது வேறு. சட்டையைக் களைந்தால் வெறும் மேனி தெரியும். அடுத்த வீட்டுக்காரனின் சட்டை தானாக வந்து ஏறிக்கொள்ளாது. இயற்கைவாதிகள் தாண்டிச் செல்ல விரும்பும் இடம் இதுதான். அவர்கள் சான்றாகக் காட்டும் பீற்றில்ஸ் குழுவினரிடமே போய்ப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் மொழியியலறிஞர் பீற்றர் ட்றட்கில், பிரித்தானியப் பொப் பாடகரின் உச்சரிப்புப் பற்றிய ஆய்வொன்றை 1983ஆம் ஆண்டில் வெளியிட்டார். இங்கிலாந்தின் பெரும்பகுதியிலே, இலண்டனிலும் லிவர்பூலிலும் கூட, உயிர் பின்தொடராத ரகரத்தை மக்கள் ஒலிப்பதில்லை. ‘கார்’ என்று நாம் எழுதும் சொல் அவர்கள் வாயில் ‘கா’ என்றே முடியும். அமெரிக்கரிற் பெரும்பாலோர் அந்த ரகரத்தை நாவை மடித்து ஒலிப்பர். பீற்றில்ஸ் குழுவினரின் இசைத்தட்டுக்களை ஆண்டுவாரியாக வைத்து ரகரங்களை எண்ணிப் பார்த்தார் ட்றட்கில். 1963இல் வந்த முதல் இசைத்தட்டிலே, வீட்டிலே ஒலிக்கப்படாத அந்த ரகரம் ஏறக்குறையப் பாதி இடங்களில் ஒலித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நூற்றுக்குச் சில என்ற அளவுக்கு வீழ்ந்துவிட்டது.

இங்கே இயற்கைவாதம் இரண்டு இடங்களில் உடைகின்றது. முதலாவது, பாடுவதற்கு வசதியான ஒலியன்று இந்த ரகரம். ஆங்கிலத்திலே பாட்டுப் பயிற்றும் ஆசிரியர்கள் அதனை விட்டுவிடும்படியே மாணவருக்குப் போதிப்பர். நாவை மடித்தால் நீட்டி நிற்கும் உயிரொலி கெட்டுவிடும். பாட்டின் இயற்கை விடச்சொல்வதை, தாம் பேசும்போதே விட்டுவிட்ட ஒன்றை, இவர்கள் வலிந்து தேடிச் சேர்த்துக்கொண்டனர். அதுவும் போதாதென்று, ரகரமே இல்லாத இடங்களிலும் சேர்த்தனர். ‘கண்டேன்’ என்று பொருள்படும் ‘சோ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எந்த நாட்டிலும் ரகர ஈறு கிடையாது. 1963இல் வந்த ஒரு பீற்றில்ஸ் பாட்டிலே அதற்கும் ஒரு ரகரம் வந்து ஒட்டிக்கொண்டது. பட்டணத்துப் பேச்சைப் பழகும் கிராமத்தவன் வேண்டாத இடத்திலும் ‘ஷ’கரத்தைப் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லையா? அதுபோன்றதே இது. இயற்கையாக நாவில் ஊறிவந்த ஒன்று இத்தகைய தவறைச் செய்யாது.

இரண்டாவது, அந்த ரகரம் பின்னர் குறைந்துபோனமை. பாடும் தொண்டை அதேதான், பாடியவரும் அவர்களே. மாறியது வேறு. 1964இன் தொடக்கத்தில் அவர்கள் அமெரிக்காவுக்குச் சென்று அந்நாட்டு இளைஞரைத் தம் வயப்படுத்தினர். அதன்பின் பொப் இசையின் உரிமை அமெரிக்கருக்கு மட்டும் என்ற நிலை இல்லாது போயிற்று. 1967ஆம் ஆண்டளவில் லிவர்பூலின் தெருவொன்றின் பெயரிலேயே அவர்கள் பாட்டிசைத்தனர். சந்தையிலே தமக்கென ஓரிடம் கிடைத்ததும் நாவும் வீடு திரும்பியது. இதைக் காட்டிலும் தெளிவான சான்றொன்றை எமது கட்சிக்காக நாம் தேடியலைய வேண்டியதில்லை; எதிர்க்கட்சியார் தாமே கொண்டுவந்து தந்துவிட்டனர்.

அவர்கள் போலச் செய்ய முயன்ற அந்த ‘அமெரிக்கன்’ யார் என்பதையும் பார்க்கவேண்டும். இங்கேதான் விடயம் சிக்கலாகின்றது. நாம் வழக்கமாகப் பேசும் ஆதிக்கம், அடிமைத்தனம் என்ற இரு சொற்களால் மட்டும் இதனை அளந்துவிட முடியாது. கென்ற் மாகாணத்து டாட்போர்ட்டிலே பிறந்து, இலண்டன் பொருளியற் கல்லூரியிலே படித்த மிக் ஜாகர் யாரைப் போலப் பாட விரும்பினார்? வெள்ளை மாளிகையில் இருந்தவர்களைப் போலவன்று. மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டத்திலே உழைத்து, 1943இல் சிக்காக்கோவுக்குக் குடிபெயர்ந்த மடி வோட்டர்ஸ் போன்ற கறுப்பினப் பாடகரைப் போலவே பாட விரும்பினார். அவரது குழு றோலிங் ஸ்ரோன்ஸ் என்ற பெயரைப் பெற்றதும் மடி வோட்டர்ஸின் பாட்டொன்றிலிருந்துதான். நீதிமன்றத்திலும் பள்ளிக்கூடத்திலும் மதிப்பற்றிருந்த ஒரு கூலித் தொழிலாளியின் நா, பாட்டிலே அரியணையேறியது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களை அறிந்த எமக்கு இதன் பொருளைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் வேடிக்கை என்னவெனில், தென்மாநிலக் கறுப்பின மக்களும் தம் பேச்சிலே அந்த ரகரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுபவர்களே! ஆகவே பிரித்தானிய இளைஞர் வலிந்து சேர்த்த ரகரம் அவர்களது இசைக் குருமாருடையதுமன்று. தோட்டத் தொழிலாளியின் உயிரொலிகளையும் வானொலி அறிவிப்பாளனின் ரகரத்தையும் பிசைந்து, எந்த ஊரிலும் எந்த மனிதனும் பேசாத ஓர் அமெரிக்கனை அவர்கள் உண்டாக்கினர். அவன் வாழ்ந்தது இசைத்தட்டிலே மட்டுந்தான்; அவனைப் பெற்றெடுத்தவள் சந்தை. எமது பாடகனின் வாயிலே குடியேறியிருக்கும் அந்தக் கோடம்பாக்கத்தானும் இத்தகையவனே. மதுரையிலோ தஞ்சையிலோ நாகர்கோவிலிலோ எவரும் அவ்வாறு பேசுவதில்லை. தமிழ்நாட்டுப் பாட்டாளியின் நாவை எமது பாடகன் கைக்கொண்டிருந்தால் அதனைச் சகோதர பாவம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

இங்கிலாந்தின் கதை அத்துடன் முடியவில்லை. 1976இன் பின் எழுந்த பங்க் இசைக்காரர் அமெரிக்க நாவைத் தூக்கியெறிந்து இலண்டன் தொழிலாளரின் கொச்சையிலே பாடினர். அவர்களுள் முன்னின்ற ஜோ ஸ்ற்றமர், இராசதந்திர சேவையாளர் ஒருவரின் மகன்; விடுதிப் பள்ளியிலே கல்வி கற்றவர். கொச்சையும் ஒரு வேடமாகலாம் என்பதை மறக்கவேண்டாம். அதனினும் மனத்தைக் கவர்வது ஸ்கொத்லாந்தின் இரட்டைச் சகோதரரான புறொக்ளெயிமேர்ஸ் இருவரின் செயல். ஸ்கொத்லாந்தவர் ரகரத்தை உருட்டி ஒலிப்பவர். அந்த ரகரத்தைக் கைவிடும்படி தமக்குச் சொல்லப்படுவதையே பொருளாக்கி, அந்த ரகரத்தோடேயே, 1987இல் வந்த தம் முதல் இசைத்தொகுப்பிலே ஒரு பாட்டுப் பாடினர். கேட்டவர் எவரும் விளங்கவில்லை என்று வானொலியை நிறுத்திவிடவில்லை.

‘நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை; வாயில் தானாக வருகின்றது’ என்று பாடகர் கூறக்கூடும். அவர்கள் பொய் கூறவில்லை. நியூசீலாந்துப் பாடகரின் உயிரொலிகளை அன்டி கிப்சன் என்ற ஆய்வாளர் 2010இல் அளந்து பார்த்தார். ஒரே பாட்டை வாசிக்கும்போது நியூசீலாந்தவராக இருந்தவர்கள், பாடும்போது அமெரிக்கச் சாயலை அடைந்தனர். பொப் பாட்டென்றால் அமெரிக்கச் சாயலே முயற்சியின்றி வருவதென்றும், சொந்த நாவாற் பாடுவதற்கே அவர்கள் முயலவேண்டியிருக்கின்றதென்றும் அவர் கண்டார். தன் வீட்டு மொழியைப் பேசுவதற்கு ஒருவன் பிரயத்தனம் செய்யவேண்டியிருப்பதை இயற்கை என்று எந்த அகராதி கூறுகின்றது? பழக்கம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறோம். குழந்தைப் பருவம் முதல் காதிலே யார் எதை ஊற்றினர் என்ற கேள்வி உடனே எழும். எமது ரசிகர் விரும்பாத கேள்வியும் அதுவே.

எமது காதிலே ஊற்றியவர் யார்? இதற்கு விடை எம் நாட்டு வானொலியின் வரலாற்றிலேயே இருக்கின்றது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது, இந்திய நேயர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். எமது வர்த்தக சேவை கொழும்பிலிருந்து சினிமாப் பாட்டை இந்தியாவுக்கே பாடிக் காட்டிற்று. தமிழ்நாட்டின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் அது ஒலித்தது. பாட்டுக்குப் பாட்டு இடையிலே ஒலித்த குரல் யாருடையது? எஸ். பி. மயில்வாகனம் போன்ற எமது அறிவிப்பாளருடையது. அவர்களது தமிழைத் தமிழ்நாட்டார் விரும்பிக் கேட்டனர். இன்றும் நினைந்து பேசுகின்றனர். ஈழத்து நா தமிழ்நாட்டுக்கு விளங்காது, ஆதலால் மாற்றிப் பாடுகிறோம் என்போர் இந்த வரலாற்றுக்கு என்ன சமாதானம் கூறப்போகின்றனர்? அறிவிப்பு விளங்கியதாம், பாட்டு மட்டும் விளங்காதாம்! அறிவிப்புக்கு எம் நாவும் பாட்டுக்கு அவர்கள் நாவும் என்று அன்று ஏற்பட்ட வேலைப் பிரிவினையே, பேசும்போது ஒருவனாகவும் பாடும்போது வேறொருவனாகவும் எம் பிள்ளைகளை ஆக்கியிருக்கின்றது.

சினிமா எம்மை எவ்வாறு மதித்தது என்பதையும் ஒரு வார்த்தையிற் சொல்லிவிடலாம். 2000இல் வெளிவந்த ‘தெனாலி’யிலே ஈழத்தமிழ் பேசியவன், கண்டதற்கெல்லாம் அஞ்சி நடுங்கும் சிரிப்புக்குரிய பாத்திரம். நடித்தவரின் திறமையை நாம் குறைகூறவில்லை. சிரிப்பதற்கு எமது நா உதவுகின்றது, உருகுவதற்கு உதவாது என்ற தீர்ப்பையே குறைகூறுகிறோம். இன்று தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டிகளிலே எமது பிள்ளைகள் மேடையேறுகின்றனர். அவர்கள் பேசினால், ‘உங்கள் தமிழ் கேட்க எவ்வளவு இனிமை’ என்று பாராட்டு. அதே பிள்ளை பாடத் தொடங்கினால் அந்த இனிமை மேடைக்குக் கீழே காத்துநிற்கவேண்டும்.

இனி ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ‘வெற்றி’, ‘காற்று’, ‘நேற்று’ என்ற சொற்களிலே வரும் இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தார் ரகரச் சாயல் சிறிதுமின்றி, நாநுனி மேலண்ணத்தில் ஒற்றி வெடிக்கும் வல்லொலியாகவே ஒலிப்பர். தமிழ்நாட்டு மேடைத் தமிழிலும் திரைப்பாட்டிலும் அது ‘ட்ர’ என்பதை ஒத்த ஒலியாகின்றது. றகரத்தை வல்லெழுத்து ஆறனுள் ஒன்றாக வைத்தது எமது இலக்கணம். வல்லெழுத்தாகவே அதனை வழங்குவது எமது ஊர் வழக்கு. ஆயினும் எமது சங்கீத வகுப்புக்களிலே ‘வெற்றி’ என்று ஊர் முறையிற் பாடும் பிள்ளை திருத்தப்படுவதுண்டு. வல்லொலி ராகத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றதாம். அவ்வாறாயின் ‘பாட்டு’, ‘கட்டு’, ‘வட்டம்’ என்பனவற்றை எவ்வாறு பாடுகின்றீர்கள்? இரட்டை டகரத்துக்கு வழிவிடும் ராகம் இரட்டை றகரத்துக்கு மட்டும் ஏன் கதவை அடைக்கின்றது? தடை ராகத்தில் இல்லை. திருத்துபவரின் காதில் இருக்கின்றது.

பழமையைக் காட்டிப் பெருமை கொண்டாடுவது எமது நோக்கமன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிட்டது. தேவாரமோ செந்தமிழ்க் கீர்த்தனையோ பாடுவோர் ழகரத்தைப் பயின்று ஒலிப்பதிலே எமக்கு யாதொரு பிணக்குமில்லை. எழுத்துத் தமிழிலே அமைந்த பாட்டு எழுத்துத் தமிழின் ஒலியை வேண்டுவது நியாயம். மக்கள் பேச்சிலே எழுதப்பட்ட பாட்டை வேறு மக்களின் பேச்சாக்கிப் பாடுவதே எமது வழக்கு. அவ்வாறே யாழ்ப்பாணத்து நாவை ஈழத்தின் ஒரே நாவென்று பட்டங்கட்டுவதும் எமது எண்ணமன்று. மட்டக்களப்பின் நாட்டுக்கூத்து அண்ணாவிமாரும், அங்கு கவி பாடும் முஸ்லிம் பெண்களும், மலையகத் தோட்டங்களிலே சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்த பாடல்களைப் பாடிய தொழிலாளரும் தத்தம் நாவாலேயே பாடினர். கோடம்பாக்கத்தை நீக்கிவிட்டு அங்கே நல்லூரைக் குடியேற்றினால் அவர்களுக்கு விடிவு எங்கே?

1960களின் தொடக்கத்திலே எமது எழுத்தாளர் நடத்திய மரபுப் போராட்டத்தை வாசகர் அறிவர். கதையிலே மீனவனும் விவசாயியும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தம் வாயாற் பேசவேண்டும் என்றனர் முற்போக்காளர். இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சீறினர். அந்தப் போரிலே வென்றது யார் என்பதை இன்று வெளிவரும் எந்தச் சிறுகதையைத் திறந்தாலும் காணலாம். அறுபதாண்டுகளுக்கு முன் சிறுகதை வென்ற உரிமையைப் பாட்டு இன்னும் கேட்கவுமில்லை. பண்டிதர் இழிசனர் வழக்கு என்றதைப் பாட்டுலகம் ‘படத்தில் வருவதுபோல் இல்லையே’ என்று நாகரிகமாகச் சொல்கின்றது. சொல் மாறியிருக்கின்றது, முகச்சுளிப்பு அதேதான்.

முயன்றவர் இல்லாமலும் இல்லை. நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்ற பாட்டை யாழ்ப்பாணத்துப் பேச்சோசையோடு பாடினார். 1960களின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் பொப் இசை என்ற பெயரிலே எழுந்த அந்த அலையிலே ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட்டிவைத்தது. எழுபதுகளின் முற்பகுதி, தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்ட காலமுமாகும். பீற்றில்ஸ் குழுவினரின் ரகரம் எப்போது குறைந்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூருக. அப்பாடல்களை விளையாட்டுப் பாட்டு, கேளிக்கைப் பாட்டு என்று சங்கீத வித்துவான்கள் ஒதுக்கினர். முற்போக்காளரிற் சிலரும் அவ்வாறே ஒதுக்கினர். கேலிக்கு மட்டும் ஊர்ப்பேச்சு, சோகத்துக்கும் காதலுக்கும் கடன்வாங்கிய பேச்சு என்ற கோட்டை அந்த அலையும் தாண்டவில்லை என்பது மெய். தாண்டாத குறைக்காக, அந்தக் கோடு வரைக்கும் வந்தவரைப் பழிப்பது முறையாகாது.

இன்று ஒலிப்பதிவுக்குப் பெருமுதல் வேண்டியதில்லை; ஒரு கணினியும் ஒலிவாங்கியும் போதும். இசைத்தட்டுக் கம்பனிக்காரனின் தயவுக்குக் காத்திருக்கும் காலமும் போயிற்று. ஆகவே சந்தை இடந்தரவில்லை என்ற பழைய சமாதானமும் தேய்ந்து வருகின்றது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அட்டனிலும் ஆண்டுதோறும் பாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. சுருதிக்கும் தாளத்துக்கும் இருப்பதுபோல் உச்சரிப்புக்கும் அங்கே புள்ளி உண்டு. பேச்சுத் தமிழில் அமைந்த பாட்டொன்றை ஒரு பிள்ளை பாட வரும்போது, அந்தப் புள்ளியை எந்த ஊர் நாவை அளவுகோலாகக் கொண்டு இடப்போகிறார்கள் என்பதைப் போட்டி தொடங்குமுன் நடுவர் எழுந்து நின்று சபைக்கு அறிவிக்கட்டும்.